காத்து வைத்த நிலம்

1872-ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் யுலிசிஸ் கிராண்ட் ஒரு சட்டத்தில் கையொப்பமிட்டார். ராக்கி மலைத்தொடரின் நடுவே, வெந்நீரூற்றுகளும் அருவிகளும் அடர்ந்த காடுகளும் நிறைந்த ஒரு பெரும் நிலப்பரப்பை எவரும் விலைக்கு வாங்கவோ, வேலியிட்டுக் குடியேறவோ கூடாதென்றும், மக்கள் யாவரும் கண்டு மகிழ அது காக்கப்பட வேண்டுமென்றும் அச்சட்டம் விதித்தது. இவ்வாறு பிறந்ததே யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா. உலகின் முதல் தேசியப் பூங்கா என்று பொதுவாகச் சொல்லப்படுவது இதுவே.

பூங்கா என்றவுடன் பூச்செடிகளும் ஊஞ்சலும் உள்ள இடமென வாசகர்கள் எண்ணிவிட வேண்டாம். இதன் பரப்பு ஏறத்தாழ 9,000 சதுரக் கிலோமீட்டர்; நம் கன்னியாகுமரி மாவட்டத்தைப் போல் ஐந்து மடங்குக்கும் மேல். பெரும்பகுதி வயோமிங் மாநிலத்திலும், ஓரங்கள் மாண்டானா, ஐடஹோ மாநிலங்களிலும் அமைந்துள்ளன. கொரோனாப் பெருந்தொற்று பரவிய 2020-ஆம் ஆண்டில், மார்ச் 24 அன்று இப்பூங்காவின் வாயில்கள் யாவும் அடைக்கப்பட்டன. மே 18 அன்று வயோமிங் பக்கத்து வாயில்களும், ஜூன் முதல் நாளன்று மாண்டானா பக்கத்து வாயில்களும் திறந்தன. அவ்வாண்டு செப்டம்பர் மூன்றாம் வாரத்தில் நாங்கள் ஐவர் அங்குச் சென்று வந்தோம். நோய் நீங்காத காலத்தில், அதுவும் முதியவர் ஒருவரை அழைத்துக்கொண்டு ஏன் சென்றோம் என்பதை முதலில் சொல்லிவிடுவது முறை.

பாளையங்கோட்டையிலிருந்து எங்கள் தாயார், பேரப்பிள்ளைகளைக் காண 2019 டிசம்பரில் டென்வர் நகருக்கு வந்தார்கள். ஏப்ரலில் திரும்புவதாக ஏற்பாடு. அதற்குள் மார்ச் மாதக் கடைசியில் வெளிநாட்டு விமானங்களை இந்தியா நிறுத்திவிட்டது. விருந்தாக வந்தவர் அடைபட்டவரானார். ஜூலை மாதத்தில் ஊரிலிருந்து வந்த செய்தி எங்களை நிலைகுலையச் செய்தது. தாயாரின் ஒரே தமக்கையார், எங்கள் பெரியம்மா, அந்நோய் கண்டு ஆறு நாட்களில் மறைந்துவிட்டார்கள். அடக்கத்திற்குச் சிலரே செல்ல முடிந்தது. எவரோ கைப்பேசியில் பிடித்துக் காட்டிய காட்சியை, இங்கே நள்ளிரவில், சமையலறை மேசையில் சாய்த்து வைத்துப் பார்த்தோம். தாயார் அழவில்லை. "கொண்டுபோய் வச்சாச்சா?" என்று மட்டும் கேட்டார்கள். அன்று முதல் இரண்டு மாதங்கள் பெரியம்மாவின் பெயரை அவர்கள் வாயெடுத்துச் சொல்லவில்லை. உண்பதும் உறங்குவதும் குறைந்தன. நாள் முழுதும் சன்னலோரம் அமர்ந்திருப்பார்கள்.

அக்டோபரில் சிறப்பு விமானமொன்றில் இடம் கிடைத்தது. இந்த நிலையிலேயே அவர்களை அனுப்பி வைப்பதா என்ற எண்ணம் எங்களை வருத்தியது. திறந்த வெளியில் காற்றாட நடமாடுவதில் ஆபத்து குறைவென்று மருத்துவர் சொன்னார். பிள்ளைகளுக்கோ பள்ளி கணினித் திரையில்தான். ஆகவே புறப்பட்டோம்.

வழிப்பயணம்

புறப்படுமுன் ஐவரும் மூக்கில் குச்சி விட்டுச் சோதித்துக்கொண்டோம். மூன்றாம் நாள், எவருக்கும் தொற்றில்லை என்று முடிவு வந்தது. இட்லிப் பொடி, புளியோதரை, சிறு மின்அடுப்பு, குடிநீர், கிருமிநாசினி ஆகியவற்றோடு, மடக்கி வைக்கத்தக்க சிறு கூடாரமும் கழிகலமும் வண்டியில் ஏறின. உணவு விடுதிக்குள்ளோ பொதுக் கழிப்பிடத்திற்குள்ளோ தாயார் நுழைய நேரக்கூடாது என்பதே எங்கள் ஏற்பாட்டின் அடிப்படை.

கொலராடோவின் வட பகுதியில் ஆகஸ்ட் முதல் எரிந்துகொண்டிருந்த காட்டுத் தீயின் புகை வானை மூடியிருந்தது. கதிரவன் செம்புத் தட்டாகத் தோன்றியது. வயோமிங் எல்லையைக் கடந்து லேரமி, ராலின்ஸ் என்னும் ஊர்களைத் தாண்டினோம். மரமே இல்லாத மேட்டு நிலம், இடைவிடாத காற்று, நெடுந்தொலைவில் மான் போன்ற விலங்குகள் சிறு புள்ளிகளாய் மேய்ந்தன. "நம்ம தேரிக்காடு மாதிரி இருக்கு; மண்ணுதான் செவப்பா இல்ல" என்றார்கள் தாயார். அன்று காலையிலிருந்து அவர்கள் பேசிய முதற் பேச்சு அதுவே.

ராலின்சிலிருந்து வடக்கே திரும்பும் சாலை, லேண்டர் என்னும் ஊரைக் கடந்ததும், விண்ட் ரிவர் பழங்குடி நிலத்தின் ஊடே செல்கிறது. கிழக்கு ஷோஷோனி, வடக்கு அராப்பஹோ என்னும் இரு இனத்தார் அங்கு வாழ்கின்றனர். நோய் பரவத் தொடங்கியபோது வயோமிங் மாநில அரசு மக்களை வீட்டிலேயே இருக்கும்படி ஆணையிடவில்லை; இவ்விரு இனத்தாரின் அவைகளோ தம் மக்களுக்கு அவ்வாறு ஆணையிட்டன. காரணம் எளிது. அவர்கள் தாய்மொழியைத் தடையின்றிப் பேசுவோரில் பெரும்பாலோர் முதியவர்கள். ஒரு முதியவர் இறந்தால் ஓர் உயிரோடு மொழியின் ஒரு பகுதியும் மறைந்துவிடும். அப்படிக் காத்தும், தொடக்க மாதங்களில் அம்மாநிலத்தில் இறந்தவர்களுள் அவர்களுடைய தொகைக்குப் பொருந்தாத அளவு பலர் அவர்களே. நாங்கள் அவ்வழியில் எங்கும் வண்டியை நிறுத்தவில்லை. பிறர் வீட்டில் நோயாளி இருக்கையில் வாசலோடு நலம் விசாரித்துத் திரும்புவது போன்றதே அதுவும்.

முதல் நாளில் 400 மைலுக்கு மேல் கடந்து, டுபாய்ஸ் என்னும் சிற்றூரில் தனித்த மரக்குடில் ஒன்றில் இரவு தங்கினோம். சன்னல்களைத் திறந்து, எல்லாவற்றையும் துடைத்தபின்பே தாயாரை உள்ளே அழைத்தோம்.

மறுநாள் காலை டோகட்டி கணவாயில் ஏறினோம். ஷோஷோனி இனத்து வழிகாட்டி ஒருவரின் பெயர் பெற்ற இக்கணவாய் 9,658 அடி உயரம். அமெரிக்கக் கண்டத்தின் நீரைப் பிரிக்கும் மேடு இதுவே. கிழக்குச் சரிவில் விழும் மழை மிசிசிப்பி ஆற்றோடு சேர்ந்து மெக்சிகோ வளைகுடாவை அடைகிறது. மேற்குச் சரிவில் விழுவது கொலம்பியா ஆற்றின் வழியாகப் பசிபிக் மாகடலுக்குப் போகிறது. இறங்கியதும் டீட்டன் சிகரங்கள் வரிசையாக எழுந்து நின்றன. அங்கிருந்து வடக்கே சென்று, தெற்கு வாயில் வழியாக யெல்லோஸ்டோனுக்குள் நுழைந்தோம்.

எரிந்த காடு

தெற்கு வாயிலைத் தாண்டியவுடன் லூயிஸ் ஆற்றின் ஆழ்ந்த பள்ளத்தாக்கு வருகிறது. அங்கே பட்டுப்போன முதிய மரங்கள் சாம்பல் நிறத்தில் ஈட்டிகளைப்போல் நிற்கின்றன. அவற்றின் அடியில் ஒரே வயதுடைய இளம் பைன் மரங்கள் நெருக்கமாக எழும்பியுள்ளன. 1988-ஆம் ஆண்டுக் கோடையில் பற்றிய தீ இப்பூங்காவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட நிலத்தில் பரவிற்று. இனி இங்குக் காடே இராது என்று பலர் அஞ்சினர். ஆனால், இங்குள்ள லாட்ஜ்போல் பைன் மரங்களுக்கு ஓர் இயல்பு உண்டு. அவற்றின் காய்களுள் பல, பிசினால் இறுக மூடிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் கிளையிலேயே இருக்கும். தீயின் வெப்பம் பட்டு அப்பிசின் உருகிய பின்னரே அவை வாய் திறந்து விதைகளைச் சிந்தும். தாய் மரம் எரிந்த சாம்பலே விதைக்கு எருவாகிறது.

சாலையோரம் வண்டியை நிறுத்தி இதைப் பிள்ளைகளுக்கு விளக்கினோம். இளையவன் ஒரு பைன் காயைப் பொறுக்கி வந்தான். இங்கிருந்து ஒரு காயையோ கல்லையோ எடுத்துச் செல்வது சட்டத்திற்கு மாறானது என்றதும் முகம் வாடினான். தாயார் அதை வாங்கிச் சிறிது நேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்தார்கள்.

"எய்யா, இந்தக் காடு பூரா ஒருக்க எரிஞ்சதா?"

"ஆமாம்மா. முப்பத்திரண்டு வருசத்துக்கு முன்னால."

"அக்கா இப்பிடித்தான் பனங்கொட்டையப் பொறக்கிட்டு வந்து கொல்லையில பொதைப்பா" என்றார்கள்.

அவ்வளவுதான், அடைத்திருந்த மடை உடைந்தது. வண்டி நகர நகரத் தாயார் பேசிக்கொண்டே வந்தார்கள். தம் எட்டாம் வயதில் தாயை இழந்ததும், தமக்கையார் இடுப்பில் தூக்கிச் சுமந்ததும், பனங்கிழங்கு அவித்துக் கட்டிக் கொடுத்து ஆசிரியப் பயிற்சிக்கு அனுப்பியதும், அதற்குப் பணமில்லாமல் தம் காதுக் கம்மலை அடகு வைத்ததும், மீட்க முடியாமலே போனதும் எங்களில் பலருக்கு அன்றுதான் தெரியும். "அந்தக் கம்மலை நான் வேலைக்குப் போன பொறவு வாங்கிக் குடுக்கணும்னு நெனைச்சேன். எனக்கு எதுக்குட்டி, நீ போட்டுக்கோன்னுட்டா" என்று சொல்லும்போதுதான் அவர்கள் அழுதார்கள். பிள்ளைகள் இருவரும் வாய் திறவாமல் ஆச்சியின் கையைப் பற்றிக்கொண்டிருந்தனர். வண்டியை ஓரம் நிறுத்தி, அழுது முடியும் வரை காத்திருந்தோம். அவசரப்படுத்த எவருமில்லை.

வெந்நீரும் சிற்றுயிரும்

பிற்பகலில் 'ஓல்ட் பெய்த்புல்' என்னும் வெந்நீர்ப் பீச்சூற்றை அடைந்தோம். யெல்லோஸ்டோனின் ஒரு பகுதி, உறங்கும் எரிமலை ஒன்றின் வாயின்மேல் அமைந்தது. ஏறத்தாழ 6,40,000 ஆண்டுகளுக்கு முன் அது கடைசியாகப் பெருவெடிப்பாக வெடித்தது. மழையும் பனியும் உருகி நிலத்துள் இறங்கும் நீர், அடியிலுள்ள கொதிக்கும் பாறைகளால் சூடேறுகிறது. மேலே குறுகிய துளை. அதன்மேல் நீரின் பாரம். அழுத்தத்தால் கொதிநிலையைக் கடந்தும் நீர் அடங்கிக் கிடந்து, ஒரு கட்டத்தில் நீராவியாகச் சீறிக்கொண்டு மேலெழுகிறது. உலகிலுள்ள இத்தகைய பீச்சூற்றுகளில் பாதியளவு இப்பூங்காவிலேயே உள்ளன என்பர்.

ஏறத்தாழ ஒன்றரை மணிக்கு ஒரு முறை இது பீச்சும். காத்திருந்த கூட்டத்தில் சிலர் முகக்கவசம் அணிந்திருந்தனர், பலர் அணியவில்லை. நாங்கள் கூட்டத்தை விட்டு நெடுந்தூரம் விலகி, மரத்தடியில் நின்றோம். பூங்காவின் விதிப்படி காட்டெருமைக்கும் மானுக்கும் 25 கஜமும், கரடிக்கும் ஓநாய்க்கும் 100 கஜமும் விலகி நிற்க வேண்டும். "அப்ப மனுசங்களுக்கு ஆறடி, ரெண்டு கஜந்தான் ஆச்சி, நாமதான் ரொம்ப சாது" என்றாள் மூத்தவள். தாயார் சிரித்ததைப் பல வாரங்களுக்குப் பின் கேட்டோம். சற்று நேரத்தில் நிலம் உறுமிற்று. வெண்மையான நீர்த்தூண் நூறடிக்கு மேல் எழுந்து, காற்றில் சாய்ந்து, சில நிமிடங்களில் அடங்கிற்று.

அங்கிருந்து மேற்கு வாயிலை நோக்கிச் செல்லும் வழியெங்கும் ஆவி எழும் குளங்கள். அவற்றுள் பெரியதான 'கிராண்ட் பிரிஸ்மாட்டிக்' ஊற்றின் நடுவே ஆழ்ந்த நீலம். சுற்றிலும் பச்சை, மஞ்சள், செம்மஞ்சள், காவி என வளையங்கள். கரையோர வண்ணங்களைத் தருவன கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். எந்த வெப்பத்தில் எது வாழுமோ அது அந்த வளையத்தில் குடியிருக்கிறது.

இந்த ஊற்றுகளைப் பற்றிய ஒரு வரலாற்றை வாசகர்கள் அறிந்துகொள்வது நல்லது. தாமஸ் பிராக் என்னும் நுண்ணுயிரியல் அறிஞர் 1960-களில் இங்கு வந்து ஆராய்ந்தார். இவ்வளவு சூடான நீரில் உயிர் வாழ இயலாது என்றே அக்காலத்தில் பலரும் நம்பினர். ஆனால், 1966-இல் இப்பகுதியிலுள்ள ஓர் ஊற்றிலிருந்து எடுத்து வந்த நீரில், 70 டிகிரி சென்டிகிரேட் வெப்பத்தில் செழித்து வளரும் ஒரு நுண்ணுயிரை அவரும் அவருடைய மாணவர் ஹட்சன் பிரீஸும் கண்டெடுத்தனர். 1969-இல் அதற்குத் 'தெர்மஸ் அக்வாட்டிகஸ்' என்று பெயரிட்டனர். அதனால் யாருக்கு என்ன பயன் என்று அப்போது எவருக்கும் தெரியாது. அவரும் பயன் கருதித் தேடவில்லை.

1983-இல் கேரி மல்லிஸ் என்பவர், மரபணு இழையின் ஒரு துணுக்கை இலட்சக்கணக்கில் பெருக்கும் வழியைக் கண்டார். அதுவே பி.சி.ஆர். முறை. இதற்காக 1993-இல் நோபல் பரிசும் பெற்றார். இம்முறையில் இழையைப் பிரிப்பதற்கு ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ 95 டிகிரி வரை சூடாக்க வேண்டும். அந்தச் சூட்டில் சாதாரண நொதிகள் கெட்டுவிடும். ஒவ்வொரு முறையும் புதிதாகச் சேர்க்க நேரும். யெல்லோஸ்டோன் நுண்ணுயிரிடமிருந்து பெற்ற நொதியோ சூட்டைத் தாங்கி நின்றது. அதன் பின்னரே அம்முறை உலகெங்கும் பரவிற்று. கொரோனாவைக் கண்டறியும் ஆர்.டி-பி.சி.ஆர். சோதனையும் அவ்வழி வந்ததே. நோய்க்கிருமியின் மரபுப் பொருளை முதலில் வேறு வடிவுக்கு மாற்றி, பின் இவ்வாறு பெருக்கிக் காண்கிறார்கள்.

மரப்பலகைப் பாதையில் நின்று இதைத் தாயாருக்கு இயன்ற மட்டும் எளிதாகச் சொன்னோம். அந்நாளைய இந்திய விதிப்படி, புறப்படுவதற்கு 96 மணி நேரத்திற்குள் எடுத்த சோதனையில் தொற்றில்லை என்று காட்டுவோர், அரசின் தனிமை முகாமுக்குச் செல்லாமல் நேரே வீடு செல்ல அனுமதி கோரலாம். தாயார் புகையும் நீரையே நோக்கியிருந்துவிட்டு, "அப்போ இந்தத் தண்ணிதான் என்னைய வீட்டுக்கு அனுப்பப் போகுதா?" என்றார்கள்.

எருமைகளின் பள்ளத்தாக்கு

இரவு மேற்கு வாயிலுக்கு வெளியே தங்கி, மறுநாள் விடியுமுன் வடகிழக்கே லாமர் பள்ளத்தாக்கிற்குச் சென்றோம். உறைபனி புல்லின்மேல் வெள்ளையாகப் படிந்திருந்தது. பெருந்தலையும் திமிலும் கொண்ட காட்டெருமைகள் நூற்றுக்கணக்கில், மூச்சிலிருந்து ஆவி எழ, அசைந்து அசைந்து மேய்ந்தன. சாலையை அவை கடக்கும்போது வண்டிகள் யாவும் நிற்க வேண்டும். அரை மணி நேரம் நின்றோம். ஒரு கன்று எங்கள் கண்ணாடிக்கு அருகே வந்து பார்த்துவிட்டுத் தாயின் பின்னே ஓடிற்று.

ஒரு காலத்தில் கோடிக்கணக்கில் திரிந்த இவ்வினம், பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேட்டையாடி அழிக்கப்பட்டது. 1902-இல் யெல்லோஸ்டோனில் எஞ்சியவை ஏறத்தாழ இரண்டு டசன் மட்டுமே. அவற்றைக் காத்துப் பெருக்கியதன் பயனாக, 2020-இல் 4,000-க்கும் மேற்பட்டவை அங்கு உலவின. 1926-க்குள் கொன்று ஒழிக்கப்பட்ட ஓநாய்களும், 1995-லும் 1996-லும் கனடாவிலிருந்து கொணர்ந்து விடப்பட்ட 31-இன் வழியாக மீண்டும் பெருகியுள்ளன. அழிவின் ஓரத்திற்குச் சென்றதும் சிலர் பொறுமையாகக் காத்தால் திரும்பி வரக்கூடும் என்பதற்கு இதைவிடக் கண்கூடான சான்று வேண்டியதில்லை.

ஆயினும் இக்காவலின் வரலாற்றில் ஒரு கறையும் உண்டு. இந்நிலத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வாழ்ந்தும் வேட்டையாடியும் வந்த பழங்குடியினர், பூங்கா உருவானபின் வெளியேற்றப்பட்டனர். நாங்கள் கடந்து வந்த விண்ட் ரிவரில் வாழும் ஷோஷோனியருள் அவர்களின் வழித்தோன்றல்களும் உள்ளனர். நிலத்தைக் காத்தவர்கள், அந்நிலத்தின் மக்களைக் காக்கவில்லை. அவ்வாறே, பி.சி.ஆர். முறையால் நிறுவனங்கள் பெருஞ்செல்வம் ஈட்டின. அந்த நுண்ணுயிரைத் தந்த பூங்காவிற்கோ அதில் பங்கேதும் கிடைக்கவில்லை.

காத்தலின் பயன்

நாங்கள் நான்காம் நாள் திரும்பினோம். இரு வாரம் தனித்திருந்தோம். எவருக்கும் நோய் காணவில்லை. அக்டோபரில் தாயாருக்கு எடுத்த சோதனையின் முடிவு இரண்டாம் நாளே வந்தது. தொற்றில்லை. முகக்கவசமும் முகத்தட்டியும் அணிந்து விமானமேறினார்கள். வீட்டில் பதினான்கு நாள் தனித்திருந்த பின், முதல் வேலையாகத் தமக்கையாரின் கல்லறைக்குச் சென்றார்கள்.

இப்பயணத்தை எண்ணும்போதெல்லாம் எங்களுக்குத் தோன்றுவது இதுவே. 1872-இல் அச்சட்டத்தை இயற்றியவர்களுக்கு நுண்ணுயிரைப் பற்றியோ மரபணுவைப் பற்றியோ எதுவும் தெரியாது. பயன் அறியாமலேயே அவர்கள் காத்து வைத்தனர். 94 ஆண்டுகளுக்குப் பின் ஓர் அறிஞர் அந்நீரை எடுத்தார். மேலும் அரை நூற்றாண்டு கழித்து, உலகமே அஞ்சி நடுங்கிய நாளில் அது கைகொடுத்தது. இன்ன காரியத்திற்கு உதவும் என்று தெரிந்தால்தான் காப்போம் என்று அன்று அவர்கள் பிடிவாதம் பிடித்திருந்தால், அந்த ஊற்றுகளைச் சுற்றிக் குளியல் விடுதிகளே எழுந்திருக்கும். தாமஸ் பிராக் 2021 ஏப்ரலில் காலமானார். தம் சிற்றுயிர் ஆற்றிய தொண்டைக் கண்ணால் கண்டபின்பே அவர் மறைந்தார் என்பதில் ஒரு மனநிறைவு.

நம் நாட்டிலும் காக்க வேண்டியவை இல்லாமற் போகவில்லை. தாமிரபரணி பிறக்கும் பொதிகை மலையும், அதன் அடியிலுள்ள களக்காடு முண்டந்துறைக் காடும் நமக்கு அருகிலேயே உள்ளன. அங்குச் சிற்றுலா செல்லும் குடும்பங்கள் ஒரு காகிதத்தைக்கூட விட்டு வராமலும், ஒரு கல்லைக்கூட எடுத்து வராமலும் திரும்பினால், பெயர் தெரியாத எத்தனையோ பேருக்கு உதவியவர்கள் ஆவார்கள். பிள்ளைகளுக்கு அதன் காரணத்தையும் சொல்ல வேண்டும்.

தாயார் ஊர் சேர்ந்தபின் பெரியம்மா வீட்டுக் கொல்லையில் பனங்கொட்டைகள் புதைத்திருப்பதாகத் தொலைபேசியில் சொன்னார்கள். இருபது கொட்டை. "கெழங்குக்கு இல்ல, மரமாகட்டும்னு வுட்டிருக்கேன்" என்றார்கள்.